ஊசியில் நின்ற போர்வை

நுவரெலியா
12.06.1979

அன்புள்ள முனவ்வறா ராத்தாவுக்கு,

தங்கச்சி றபீக்காவின் ஸலாம். நீங்களும் மச்சானும் சுகமாக இருக்கவும், படுக்கையில் கிடக்கும் உம்மா எழுந்து உட்காரவும் ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்கிறேன். நான் சுகம். மூக்கும் காதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிற சுகம்.

மருதமுனையில் மார்கழி விடியற்காலையில் நடுங்குவோமே, அதெல்லாம் குளிரே இல்லை. இங்கே தேங்காயெண்ணெய்ப் போத்தலை அடுப்படியில் வைத்து உருக்கித்தான் தலைக்கு வைக்கிறேன். அவர் விடிந்ததும் கடை திறக்கப் போய்விடுவார். காலிதீனைப் போல நல்ல புருசன் கிடைக்காது, ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனால் அவர் போன பிறகு இந்த வீட்டில் நானும் பனிமூட்டமும்தான்.

ஒரு செய்தி இருக்கிறது. உம்மாவின் காதில் மெல்லப் போடுங்கள். எனக்கு மூன்று மாதம்.

நம் ஊரில் எந்தப் பெண் கல்யாணம் முடித்துப் புருசன் வீட்டுக்குப் போனாள்? மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவார். போன வருசம் அந்தப் புயல் வராவிட்டால் வாப்பாவும் மௌத்தாகியிருக்க மாட்டார், அவர் எனக்கென்று எழுப்பிய வீட்டின் சுவரும் விழுந்திருக்காது. வீடில்லாத பெண்ணை வீடு கேட்காமல் முடித்தாரே, அது இவருடைய பெருந்தன்மை. அதை விடுங்கள். ஆனால் தலைப்பிள்ளைப் பேறு உம்மா வீட்டில்தான், அதை யாரும் மாற்ற ஏலாது. ஏழாம் மாதம் என்னைக் கூட்டிப்போக மச்சான் மட்டும் வருவாரா, நீங்களும் வருவீர்களா? அங்கே என் அறைக்குக் கூரை திரும்பப் போட்டாயிற்றா?

பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் கம்பளி நூல் பின்னப் படித்தீர்களே. எனக்கும் எழுதிச் சொல்லித் தாருங்கள். பிள்ளைக்கு என் கையால் ஒரு போர்வை பின்ன ஆசை.

உங்கள் மடியில் தலை வைக்க நினைக்கும்,
றபீக்கா


மருதமுனை
04.07.1979

என் தங்கச்சி றபீக்காவுக்கு,

உனக்கும் தம்பி காலிதீனுக்கும் எங்கள் எல்லோருடைய ஸலாம். நாங்கள் நலம். உம்மாவின் இடுப்பு நோவு அப்படியே இருக்கிறது, நெஞ்சுதான் முன்னைவிடப் பலவீனம். உன் செய்தியைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தா. புயலுக்குப் பிறகு அவ சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நிவாரண மூட்டைகளில் வெளிநாட்டுக் கம்பளிச் சட்டைகள் வந்து இறங்கினவே, நினைவிருக்கா? இந்த வெயிலில் எவன் போடுவான்? பக்கத்து வீட்டில் தலையணைக்குள் அடைத்துவிட்டார்கள். நான் நாலைந்து கேட்டு வாங்கி வந்து முழுவதையும் அவிழ்த்துவிட்டேன். சிவப்பிலும் சாம்பலிலும் நல்ல நூல். அவிழ்த்த நூல் இடியப்பம் மாதிரிச் சுருண்டு கிடந்தது. நெசவுக்காரன் பெண்டாட்டிக்கு நூலை நிமிர்த்தச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு வழி செய்து, பிள்ளைக்குத் தொப்பி ஒன்று பின்னி இத்தோடு அனுப்புகிறேன். மீதி உருண்டைகளும், மச்சான் மூங்கிலில் சீவித் தந்த இரண்டு ஊசியும் பார்சலில் இருக்கின்றன.

கவனமாகக் கேள். ஒரு சுருக்குப் போட்டு ஊசியில் கொளுவு. அதிலிருந்து ஒவ்வொரு வளையமாக நூலை இழுத்து வேண்டிய அகலத்துக்குக் கண் ஏற்று. பிறகு மற்ற ஊசியைக் கண்ணுக்குள் நுழை, நூலைச் சுற்று, இழு, பழைய கண்ணைக் கழற்றி விடு. வரிசை முடிந்ததும் ஊசியைக் கை மாற்று. இறுக்கிப் பிடிக்காதே, உனக்கு எதையும் இறுக்கிப் பிடிக்கிற பழக்கம்.

ஊசியிலிருந்து கழற்றி முடிப்பதில்தான் சூட்சுமம். அதில் பிழைத்தால் அடி வரைக்கும் ஓடி அவிழ்ந்துவிடும். அதை எழுத்தில் சொல்ல ஏலாது. நீ வரும்போது கையைப் பிடித்துக் காட்டித் தருவேன். அதுவரை பின்னிக்கொண்டே இரு.

கால் வீக்கம் வந்தால் உப்பைக் குறை.

உன் ராத்தா,
முனவ்வறா


நுவரெலியா
30.08.1979

அன்புள்ள ராத்தா,

பெருநாள் ஸலாம் உங்கள் மூன்று பேருக்கும். உம்மா மருந்து ஒழுங்காகக் குடிக்கிறாவா? எனக்கு வாந்தி நின்றுவிட்டது. பிள்ளை அசைகிறது.

தொப்பி கிடைத்தது. மேசையில் வைத்தேன், டக் என்று சத்தம் கேட்டது. இவர் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தொப்பியா, சிரட்டையா?" என்று கேட்டார். இரண்டு நாளில் பனியில் இளகிப் புளித்த மணம் வேறு. பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை அக்காவிடம் கொண்டுபோனேன். திருக்கோவில் ஆள் அவ. புருசன் பூபாலசிங்கம் மாஸ்டருக்கு இந்தப் பக்கம் மாற்றம். அக்கா மோந்து பார்த்ததும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணி வந்துவிட்டது அவவுக்கு. "தங்கச்சி, உங்கட ராத்தா கம்பளிக்குக் கஞ்சி போட்டிருக்கா" என்றா. பருத்தி நூலுக்குப் போடுகிற மாதிரிச் சோற்றுக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்தீர்களா? இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசி உலர்த்திய பிறகு தொப்பி தொப்பியாகிவிட்டது.

நான் தொடங்கிய போர்வை ஒரு சாண் வந்திருக்கிறது. முடிக்கிற விதத்தை அன்னப்பிள்ளை அக்கா காட்டித்தர வந்தா. நான் விடவில்லை. "எங்கட ராத்தா என்னை ஊருக்குக் கூட்டிப் போய்க் காட்டித் தருவா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

கூரையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே ராத்தா. மறந்துவிட்டீர்களா?

கஞ்சி மணக்கும் கையோடு,
றபீக்கா


மருதமுனை
22.09.1979

தங்கச்சிக்கு,

உனக்கும் வயிற்றில் உள்ளதுக்கும் ஒரு தீங்கும் வராமல் அல்லாஹ் காக்கட்டும். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

கஞ்சிக் கதையைக் கேட்டு மச்சான் இரண்டு நாள் என்னைத் தெருவில் தலைகாட்ட விடவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். திருக்கோவில்காரிக்குச் சொல், மருதமுனையில் நூல் என்றால் கஞ்சி என்றுதான் எங்களுக்குத் தெரியும் என்று. இந்த முறை காலுறை இரண்டு சோடி அனுப்புகிறேன், கஞ்சி போடாமல். குதிக்கால் திருப்பும் இடத்தில் கண்ணைக் குறைத்துப் பிறகு கூட்டினேன். அப்படிச் செய்தால்தான் காலில் நிற்கும், கழன்று விழாது.

உன் அறைக்குக் கூரை போட்டு மூன்று மாதமாகிறது. நல்ல தகரம். ஒரு சொட்டு ஒழுகாது. நெசவுக் கொட்டில் புயலோடு போனது உனக்குத் தெரியும்தானே. மச்சான் தறியை அந்த அறையில்தான் பூட்டியிருக்கிறார். வேறு எங்கே வைப்பது? நடு அறையில் உம்மா கிடக்கிறா. இப்போது தறியில் பாவு நூல் ஏற்றியாயிற்று. ஏற்றிய பாவு நெய்து முடியுமுன் தறியைக் கழற்ற ஏலாது, நீ அறியாததா? முடியட்டும், பார்ப்போம்.

பேரீச்சம்பழம் கிடைத்தால் தின்னு.

முனவ்வறா


நுவரெலியா
08.10.1979

ராத்தாவுக்கு,

ஸலாம். உம்மாவின் நெஞ்சு எப்படி? மச்சானின் கண் எரிச்சல் குறைந்ததா?

எனக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. நீங்கள் யாரும் வர வேண்டாம், இவரே என்னைக் கல்முனை வரை பஸ்ஸில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறார். சரி என்று ஒரு வரி எழுதினால் போதும். தறி நிற்கட்டும் ராத்தா. தறிக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்காதா? தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே நான். பிள்ளைக்கும் அந்தச் சத்தம் பழகட்டும்.

இங்கே பிள்ளை பெறப் பயமாக இருக்கிறது. வலிக்குப் பயப்படவில்லை. வீட்டுக்குள் வாயைத் திறந்தால் புகை வருகிறது. இந்தக் குளிரில் ஒரு பச்சைப் பிள்ளையை எப்படி வைத்திருப்பது என்று எனக்குத் தெரியாது. உம்மா பக்கத்தில் கிடந்தாலே போதும், அவ வாயால் சொல்வதைக் கேட்டுச் செய்வேன்.

காலுறை அழகு. போர்வை இரண்டு முழமாகிவிட்டது. முடிக்கத் தெரியாததால் இன்னும் ஊசியிலேயே நிற்கிறது.

பதிலை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,
றபீக்கா


மருதமுனை
18.11.1979

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். பதில் சுணங்கிவிட்டது, கோபிக்காதே. ஹஜ்ஜுப் பெருநாள் வேலையில் தலை நிமிர நேரமில்லை. பெருநாளுக்கு முன் பழைய பாவு முடிந்தது. கழற்றலாம் என்று நான் வாயெடுக்குமுன் மச்சான் அடுத்ததை ஏற்றிவிட்டார். இப்போது அடைமழை, தெருவெல்லாம் தண்ணீர். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "இந்த மழைக்குள்ள தறிய எங்க கொண்டு வைக்கிற? அங்க பெரிய ஆசுபத்திரி இருக்கு. புள்ளையப் பெத்துப்போட்டு, நாற்பது நாள் கழிஞ்சு ஆறுதலா வரட்டும்" என்கிறார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. இந்த ரோட்டில் வயிற்றுப் பிள்ளையோடு பஸ்ஸில் குலுங்கி வருவது நல்லதா?

உம்மாவிடம் நீயே வர விரும்பவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவ மனம் நோகக் கூடாதல்லவா.

பெரிய பார்சல் அனுப்பியிருக்கிறேன், பார். சட்டை இரண்டு, தொப்பி இன்னொன்று, கைக்கு உறை, உனக்கொரு கழுத்துத் துண்டு, தேத்தண்ணிக் கேத்தலுக்கு ஒரு மூடி கூட. இரவு பகலாகப் பின்னினேன். பிள்ளையின் சட்டையில் வரிசைக்கு வரிசை ஓட்டை விட்டுப் பூவேலை போட்டிருக்கிறேன். இரண்டு கண்ணைச் சேர்த்துப் பின்னி, நூலை ஒருமுறை சுற்றிவிட்டால் ஓட்டை விழும். நெருக்கிப் பின்னினால் பிள்ளைக்கு வேர்க்குரு போடும், அதுதான்.

உனக்காக நோன்பு நேர்ந்திருக்கிறேன்.

முனவ்வறா


நுவரெலியா
29.12.1979

ராத்தாவுக்கும் மச்சானுக்கும் உம்மாவுக்கும்,

ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், இந்த மாதம் பதினேழாம் திகதி எனக்குப் பெண்பிள்ளை பிறந்தாள். சுபைறா என்று பெயர் வைத்திருக்கிறோம். தலை நிறைய முடி. நாடியும் கன்னமும் அப்படியே நம் வாப்பாதான். பெண்பிள்ளை, இவளுக்கும் ஒரு வீடு கட்ட வேண்டுமே என்று இவர் இப்போதே கணக்குப் போடுகிறார்.

நீங்கள் அனுப்பியதெல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறேன். ராத்தா, இங்கே யாருக்கும் வேர்ப்பதில்லை. அந்தப் பூவோட்டைகளுக்குள்ளால் காற்றுப் போகிறது. சட்டைக்கு மேல் துவாயைச் சுற்றி வைக்கிறேன். துவாயும் ஈரமாகவே இருக்கிறது, எதுவும் காய்வதில்லை. நாலு நாளாகப் பிள்ளைக்கு இருமல். பால் குடிக்கும்போது மூச்சு இழுக்கிறது.

என் போர்வை நெருக்கமான பின்னல். நல்ல மொத்தம், காற்றுப் புகாது. அதைப் போர்த்தினால் தாங்குவாள் என்று நினைக்கிறேன். ஊசியோடேயே போர்த்திப் பார்த்தேன். கையை ஆட்டும்போது கண்ணில் குத்திவிடும் என்று பயந்து எடுத்துவிட்டேன். உருவினால் அவிழ்ந்துவிடும் என்று எழுதினீர்களே. அன்னப்பிள்ளை அக்கா பள்ளி விடுமுறைக்குத் திருக்கோவில் போய்விட்டா, தைப்பொங்கல் கழிந்துதான் வருவா. எப்படி முடிப்பதென்று இரண்டு வரி எழுதுங்கள். எனக்கு விளங்காவிட்டால் விளங்காமல் போகட்டும், எழுதுங்கள். தபால் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

றபீக்கா


மருதமுனை
26.01.1980

பிள்ளை பெற்ற என் தங்கச்சிக்கு,

உனக்கும் என் பெறாமகளுக்கும் கோடி ஸலாம். சுபைறா என்று சொல்லிச் சொல்லி உம்மா வீட்டை நிறைக்கிறா. தொட்டில் கட்டக் கூரை வளையில் இடம் பார்க்கச் சொல்கிறா. வெள்ளம் வந்து ஊரே முழங்கால் தண்ணீரில் நின்றது, அதனால்தான் கடிதம் பிந்தியது.

பச்சைப் பிள்ளைகளுக்குச் சளி வரத்தான் செய்யும். கற்பூரவள்ளிச் சாறு இரண்டு துளி கொடு. போர்வை விசயம் எழுத்தில் சொன்னால் நீ குழப்பிக்கொள்வாய், இவ்வளவு பின்னியதும் வீணாகும். மாசிக்குப் பிறகு வெயில் வந்துவிடும். மச்சான் வளவுக்குள் கொட்டில் போடுவதாகச் சொல்லிவிட்டார், இந்தப் பாவுதான் கடைசி. நீ வா, பக்கத்தில் வைத்துக் காட்டித் தருகிறேன். அதுவரைக்கும் நானே பிள்ளைக்கு நெருக்கமாக ஒரு போர்வை பின்னுகிறேன், ஓட்டையில்லாமல். பிள்ளையின் நீளத்துக்கு ஒரு நூல் வெட்டி அனுப்பு. உச்சியிலிருந்து குதிக்கால் வரை அளந்து, சரியாக வெட்டு.

சுபைறாவின் பாதத்தில் ஒரு முத்தம்.

முனவ்வறா


நுவரெலியா
09.03.1980

ராத்தாவுக்கு,

ஸலாம். உம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்ட நூலை இத்தோடு வைத்திருக்கிறேன். உச்சியிலிருந்து குதிக்கால் வரை. சரியான அளவு.

றபீக்கா


மருதமுனை
30.03.1980

என் தங்கச்சிக்கு,

ஸலாம். பிள்ளைக்காரிக்குக் கடிதம் எழுத எங்கே நேரம், மூன்று வரியாவது வந்ததே என்று உம்மாவிடம் வாசித்தேன். நூலை அவவின் கையில் கொடுத்தேன். தன் நெஞ்சின் மேல் நீட்டி வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நீளம் வளர்ந்துவிட்டாளா என்று கேட்டா. எனக்கென்றால் அது கொஞ்சம் கட்டையாகத்தான் பட்டது, மூன்று மாதப் பிள்ளைக்கு. நீ அளக்கும்போது காலை மடக்கியிருப்பாள். போகட்டும், பிள்ளை வளருமே என்று நாலு விரல் கூட்டியே பின்னியிருக்கிறேன். சிவப்பு நூல், ஓரத்துக்குச் சாம்பல். பார்சலில் வருகிறது.

இனிப் பெரிய செய்தியைக் கேள். தறி வெளியே போய்விட்டது. நான் மச்சானோடு இரண்டு கிழமை கதைக்காமல் இருந்தேன். சோறு போட்டேன், கதைக்கவில்லை. மனிசன் தாங்கவில்லை. கொட்டில் போட்டுத் தறியைக் கழற்றிக்கொண்டு போனார். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கட்டில் போட்டாயிற்று. வளையில் தொட்டில் கயிறு தொங்குகிறது. என்றைக்கு வருகிறாய் என்று எழுது, மச்சானே வந்து கூட்டிக்கொண்டு வருவார்.

பிள்ளையின் வாசத்துக்குக் காத்திருக்கும்,
முனவ்வறா


நுவரெலியா
20.04.1980

ராத்தாவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் வாசியுங்கள். உம்மாவின் காதுக்குப் போக வேண்டாம்.

சுபைறா ஜனவரி பதினெட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லுமுன் மௌத்தாகிவிட்டாள். நெஞ்சுச் சளி. ஆசுபத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இவர் உங்களுக்குத் தந்தியடிக்கப் போனார். நான்தான் தடுத்தேன். தந்தி வந்ததென்றாலே உம்மாவின் மூச்சு நின்றுவிடும். நீங்கள் கற்பூரவள்ளி கொடுக்கச் சொல்லி எழுதும்போது அவள் மண்ணுக்குள் இருந்தாள்.

கபுறுக்குழி வெட்டுகிறவர்கள் பிள்ளையின் மையித்து எவ்வளவு நீளம் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். நீங்கள் அனுப்பிய உருண்டையில் ஒரு நூலை எடுத்து நான்தான் அளந்து வெட்டிக் கொடுத்தேன். வேலை முடிந்து இவர் அதைச் சட்டைப் பையில் திரும்பக் கொண்டுவந்தார். அதைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். அவள் காலை மடக்கவில்லை ராத்தா. நாலு விரல் கூட்டத் தேவையில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுத நாலு கடிதம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். நான் கேட்டது தறிக்குப் பக்கத்தில் ஒரு பாய்க்கு இடம். ஓம் என்றும் எழுதவில்லை, ஏலாது என்றும் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் பின்னிப் பின்னி அனுப்பினீர்கள்.

தறியைத் திரும்ப அந்த அறையிலேயே பூட்டச் சொல்லுங்கள். நான் வரவில்லை. நம் ஊரில் பெண்ணுக்கு உம்மா வீடு, பிறகு பிள்ளைக்கும் அதுதான் வீடு. என் பிள்ளை இங்கே மலைச் சரிவில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிறாள். அவளைத் தனியாக விட்டுவிட்டு என்னால் சூடு காய வர ஏலாது. உம்மா கேட்டால் பிள்ளை குப்புற விழுகிறாள் என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் தவழுகிறாள் என்று சொல்லுங்கள். நான் வர விரும்பவில்லை என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறீர்கள்தானே, அதையே சொல்லிக்கொண்டிருங்கள்.

நீங்கள் பின்னிய போர்வையை அன்னப்பிள்ளை அக்காவின் மகளுடைய பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். என்னுடையதை நேற்று முடித்தேன். அக்காதான் பக்கத்தில் இருந்து காட்டித் தந்தா. இரண்டு கண்ணைப் பின்ன வேண்டும். முதலாவதை இரண்டாவதுக்கு மேலால் தூக்கி ஊசியை விட்டுக் கழற்ற வேண்டும். ஒரு கண் மிஞ்சும். அடுத்ததைப் பின்னி, அதே போல் தூக்கிக் கழற்ற வேண்டும். கடைசிக் கண்ணுக்குள் நூலை விட்டு இழுத்து வெட்டினால் சரி. ஒன்றும் அவிழவில்லை.

இவ்வளவுதான் ராத்தா. எழுத்தில் சொல்லியிருக்கலாம்.

றபீக்கா